அழகம்மாளின் இடது புருவம்

திண்டுக்கல்லில் பேருந்து ஏறி எந்தப் பக்கம் போனாலும் அழகம்மாளின் முகத்தைப் பார்க்காமல் ஊர் போய்ச் சேர முடியாது. செம்பட்டி வழியில் கோவில் சுவரில் மாரியம்மனாக இருப்பாள். வத்தலக்குண்டு ரோட்டில் அரிசி மண்டி போர்டில் லட்சுமியாக இருப்பாள். கல்யாண மண்டப வாசலில், லாரியின் முதுகில், இட்லி மாவுப் பாக்கெட்டில் என்று எங்கும் அதே முகம். எல்லா முகத்திலும் இடது புருவம் நடுவில் ஒரு நெல் அளவுக்கு அறுந்திருக்கும். இந்தப் பக்கத்து ஓவியர்கள் அதை ‘அய்யா வெட்டு’ என்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளையிடம் அம்மன் வரையச் சொன்னால்கூடப் புருவத்தை ஒரே இழுப்பாக இழுக்காது. பாதியில் பென்சிலைத் தூக்கி, கொஞ்சம் தள்ளி வைத்து முடிக்கும். ஏன் என்று கேட்டால், அம்மன் புருவம் அப்படித்தான் என்று சொல்லும்.

முகத்துக்குச் சொந்தக்காரி நாகல் நகரில் ஒரு சந்துக்குள் இருக்கிறாள். எழுபது வயது. ரேஷன் கடை வரிசையில் நின்றால் யாருக்கும் அடையாளம் தெரியாது. அம்மனுக்கு வயதானால் எப்படி இருப்பாள் என்று யாரும் வரைந்து பார்க்கவில்லை.

ஆத்தூர்ப் பக்கம் கத்தரியும் வெண்டையும் போடும் குடும்பத்தில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் டிராயிங் வாத்தியார் ஆண்டிச்சாமிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவருக்குச் சித்தையன்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வேலை டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில். கவர்ன்மென்ட் சம்பளம் வாங்குகிறார், காப்பி, பீடி, சிகரெட் எதுவும் கிடையாது, சாயம் வாங்குவதைத் தவிர வேறு செலவு தெரியாத மனுசன் என்று தரகர் சொன்னார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

ஆண்டிச்சாமி நல்ல வாத்தியார். இதை அழகம்மாளே சொல்வாள், அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? பள்ளிக்கூடத்தில் ஓவியப் பீரியட் என்றால் கணக்கு வாத்தியார் வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். அதனால் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வகுப்பு வைத்தார். யாரிடமும் எதுவும் வாங்க மாட்டார். போர்டு எழுதுகிறவன், கோவில் சுவருக்கு வண்ணம் அடிக்கிறவன், சினிமா பேனரில் கட்டம் போட்டு நிரப்புகிறவன் எல்லாரும் வருவார்கள். காகிதமே கிடையாது. கையில் சாக்பீஸைக் கொடுத்துச் சிமெண்டுத் தரையில் முட்டி போட வைப்பார். “மணிக்கட்ட ஆட்டாத. தோள்ல இருந்து வரணும். மூச்சப் பிடி. கோடு முடிஞ்சப்புறம் மூச்சு விடு” என்பார். மத்தியானம்வரை ஒரே வளைவை இழுத்துக்கொண்டு இருப்பார்கள். அப்படி இழுத்தவர்களுடைய கோட்டைப் பிறகு பத்தடி தூரத்தில் இருந்தே கண்டுபிடிக்கலாம். நடுங்காது.

மத்தியானம் அத்தனை பேருக்கும் அழகம்மாள் சோறு போடுவாள். ஒரு குழம்பு, ஒரு வெஞ்சனம். சாப்பிட்டுவிட்டு அவர்கள் போன பிறகு தரையைக் கழுவி விடுவாள். கழுவும்போது வளைவுகள் எல்லாம் பால் மாதிரி கரைந்து சாக்கடைக்குப் போகும். அடுப்படியில் இருந்து “மூச்சப் பிடி, மூச்சப் பிடி” என்று கேட்டுக்கேட்டு, தோசை ஊற்றும்போது அவளும் மூச்சைப் பிடிக்கப் பழகியிருந்தாள். வட்டம் சுத்தமாக வரும்.

கல்யாணமான புதிதில் ஆண்டிச்சாமி அவளை ஜன்னலோரம் உட்கார வைத்து வரைந்தார். “அசையாத” என்பார். உள்ளே பருப்பு தீயும். தீயட்டும் என்பார். ஒரு மனுசன் தன்னை இப்படி மணிக்கணக்கில் பார்க்கிறான் என்பது அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. அதை அவள் மறுத்ததில்லை.

இரண்டாவது வருடம் ஒரு பூட்டுக் கடைக்காரர் காலண்டருக்கு மாரியம்மன் கேட்டார். ஆண்டிச்சாமிக்கு வந்த முதல் பெரிய வேலை அது. தன் கையெழுத்து வீடுவீடாகத் தொங்கப்போகிறது என்று தூக்கம் இல்லாமல் வேலை செய்தார். வீடோ ஒற்றை அறை. ஒரு நாள் சாயங்காலம் குழாயடியில் இருந்து குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்த அழகம்மாளின் முந்தானை, ஈரம் காயாத அம்மனின் கன்னத்தை ஒரு இழுப்பு இழுத்துவிட்டது. பெஞ்சின்மேல் பள்ளிக்கூடத்து மரக் காம்பஸ் கிடந்தது, கரும்பலகையில் வட்டம் போடுவார்களே, முனையில் இரும்பு வைத்தது. அது வந்து அவள் இடது புருவத்தில் இறங்கியது.

கொல்லையில் தூரிகை கழுவிக்கொண்டிருந்த ஆண்டனிராஜ்தான் ஓடிவந்து துணியை வைத்து அழுத்தினான். அப்போது அவனுக்குப் பதினேழு, பதினெட்டு இருக்கும். தோமையார்புரத்துப் பையன், வாத்தியாருடைய முதல் மாணவன். ரிக்சா பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். நர்சம்மா எப்படி ஆச்சு என்று கேட்டாள்.

“வாசல் நெலையில முட்டிக்கிட்டேன்” என்றாள் அழகம்மாள்.

நர்சம்மா தையல் ஊசியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “இந்த ஊருல பூராம் நெல ரொம்பத் தாழ்வா வச்சுக் கட்டிருக்காய்ங்க போல. தெனம் நாலு பொம்பளைக முட்டிக்கிட்டு வர்றீக.”

ஆண்டனிராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

தையல் பிரித்த பிறகு ஆண்டிச்சாமி அவளை மறுபடி ஜன்னலோரம் உட்காரச் சொன்னார். படத்தை முடிக்க வேண்டும். அவள் உட்கார்ந்தாள். காலண்டர் அச்சாகி வந்தபோதுதான் பார்த்தாள். அம்மனின் இடது புருவம் நடுவில் அறுந்திருந்தது.

“இதையுமா போட்டீக?”

“இருக்குறதத்தான வரைய முடியும்” என்றார் அவர், கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல்.

இதுதான் இவர் மன்னிப்புக் கேட்கிற விதமோ என்று ரெண்டு மூன்று வருடம் நினைத்திருந்தாள். அதற்குப் பிறகும் சில தடவை கை நீண்டது. அந்த நினைப்பை விட்டுவிட்டாள்.

காலண்டர் பிரமாதமாகப் போனது. அம்மன் முகத்தில் உயிர் இருக்கிறது, நேரில் பார்த்த மாதிரி இருக்கிறது என்று பேசினார்கள். ஆண்டனிராஜ் ஒரு கோவில் சுவரில் வரைந்தபோது அந்த வெட்டையும் சேர்த்தே வரைந்தான். அவனைப் பார்த்து அடுத்தவன். சுதை செய்கிறவர்கள் கோபுரத்துப் பொம்மைக்கு வைத்தார்கள். பிறகு பிளக்ஸ் வந்தது. கம்ப்யூட்டரில் ஒரு தடவை போட்டு வைத்துக்கொண்டு எல்லா அம்மனுக்கும் எடுத்து ஒட்டினார்கள்.

மகள் பாண்டிச்செல்வி ஆறு வயதில் ஒரு நாள், சுவரில் தொங்கிய காலண்டரில் இருந்த அந்த இடைவெளியைக் கண் மையை எடுத்து நிரப்பி வைத்தாள். அம்மா மாதிரி அம்மனுக்கும் வலிக்கும் என்று நினைத்தாளாம். ஆண்டிச்சாமி அவளை அடிக்கவில்லை. சிலேட்டைக் கொடுத்து உட்கார வைத்து, வெட்டு விழுந்த புருவத்தைச் சரியாக வரும்வரை எழுதி எழுதி அழிக்கச் சொன்னார். விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சரியாக வந்தது. அதற்கப்புறம் அந்தப் பெண் எதையும் வரையவில்லை. ஒட்டன்சத்திரத்தில் கட்டிக்கொடுத்த பிறகு அப்பா இருக்கும் வீட்டில் ஒரு ராத்திரி தங்கியதும் இல்லை.

அழகம்மாள் பூசைக்கென்று அம்மன் படம் வைத்ததில்லை. மாடத்தில் ஒரு விளக்கு, ஒரு செம்பில் வேப்பிலை. யாராவது கேட்டால், “வெளக்கு போதும்த்தா” என்பாள். கும்பிடுவதெல்லாம் வருடத்துக்கு ஒரு தடவை, புருசன் ஊர் மாரியம்மன் கோவிலில்தான். அங்கே அம்மன் வெறும் கல். வெள்ளியில் இரண்டு கண் மட்டும் பதித்திருக்கும். புருவம் கிடையாது. ஆடி வெள்ளிக்கு மாவிளக்கு எடுத்துப் போய் அந்தக் கல்லுக்கு முன்னால் செத்த நேரம் உட்கார்ந்துவிட்டு வருவாள். என்ன வேண்டிக்கொள்வாள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

ஒன்றரை வருடத்துக்கு முன் ஆண்டிச்சாமிக்கு வாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறும், ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். இடது கை நன்றாகவே இருக்கிறது. ஆனால் இடது கையால் சோற்றைத் தொட மாட்டார். எச்சில் கையும் கழுவும் கையும் ஒன்றாகுமா என்று ஆஸ்பத்திரியிலேயே தலையை ஆட்டிவிட்டார். அதனால் மூன்று வேளையும் அழகம்மாள்தான் பிசைந்து ஊட்டினாள்.

இந்த வருடம் சித்திரை முடிந்து ஆண்டனிராஜ் வந்தான். இப்போது அவன் பேரன் எடுத்துவிட்ட ஆள், ரவுண்டு ரோட்டில் இரண்டு பிளக்ஸ் மெஷின் வைத்திருக்கிறான். கூடவே பானுப்ரியா என்று ஒரு பெண். ஒரு தனியார் பள்ளியில் ஓவிய டீச்சர், வாத்தியாரிடம் கடைசியாகப் படித்துப் போன செட்.

“அய்யாவுக்கு விழா எடுக்குறோம்க்கா” என்றான் ஆண்டனிராஜ். “அவரு கையால கத்துக்கிட்டவய்ங்க அம்புட்டுப் பேரும் வர்றாய்ங்க. சென்னையில இருந்து, கோயமுத்தூர்ல இருந்தெல்லாம்.”

கட்டிலில் கிடந்த ஆண்டிச்சாமியின் கண் கலங்கியது. பானுப்ரியா அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நிமிர்ந்தபோது அழகம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். பார்லரில் இடது புருவத்தின் நடுவே சவரம் செய்திருந்தாள்.

“இது என்னத்தா?”

“அய்யா வெட்டும்மா!” என்று சிரித்தாள் அந்தப் பெண். “விழாவுக்காக எங்க செட் பொண்ணுங்க எல்லாரும் வச்சிருக்கோம்.”

“முடி மொளைச்சிருமா?”

“பத்து நாள்ல வந்துரும்மா.”

“அது நல்லது” என்றாள் அழகம்மாள், காப்பி போட உள்ளே போனாள்.

காப்பி குடிக்கும்போது மிச்சத்தைச் சொன்னார்கள். மாணவர்கள் எல்லாரும் சேர்ந்து எட்டடி உயரத்தில் ஒரு மாரியம்மன் வரைகிறார்கள். ஒருத்தர் கிரீடம், ஒருத்தர் சேலை, ஒருத்தர் கை. கண் மட்டும் வைக்காமல் விட்டு, விழா மேடையில் கண் திறப்பு. பிறகு அந்தப் படம் அய்யாவின் சொந்த ஊர்க் கோவிலுக்கு. சன்னதிக்குப் பக்கத்துச் சுவரில் கண்ணாடி போட்டு நிரந்தரமாக வைப்பதற்கு ஊரில் சம்மதம் வாங்கியாகிவிட்டது.

அழகம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள். “எந்தக் கோவில்?” என்று கேட்டாள். புரியாமல் கேட்கவில்லை.

மறுநாள் புருசனுக்கு ஊட்டி, படுக்க வைத்துவிட்டு, ரவுண்டு ரோட்டுக்கு நடந்து போனாள். கடையில் ஆண்டனிராஜ் மட்டும் இருந்தான். மெஷினில் இருந்து யாரோ ஒரு மாப்பிள்ளையின் முகம் அங்குலம் அங்குலமாக வெளியே வந்துகொண்டிருந்தது.

“ஆண்டனி, ஒண்ணு கேப்பேன். இம்புட்டு வருசத்துல ஒங்கிட்ட எதுவும் கேட்டதில்ல.”

“என்னக்கா இப்பிடிச் சொல்றீக. சொல்லுங்க.”

“இந்த ஒரு படத்துல மட்டும் புருவத்த முழுசா வச்சுருங்கப்பா.”

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

“அது அய்யாவோட முத்திரைக்கா. அது இல்லாட்டி வேற எவனோ வரைஞ்ச அம்மன்னு ஆயிரும்.”

“என்னைய ரிக்சாவுல ஏத்திக்கிட்டுப் போனவன் நீ. ஒனக்கு நான் சொல்லணுமா அது என்னன்னு?”

ஆண்டனிராஜ் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தான். மூக்குவரை வந்திருந்தது.

“அதெல்லாம் ஆயி எம்புட்டு வருசமாச்சுக்கா.”

“ஒனக்கு ஆச்சு.” அழகம்மாள் குரலை உயர்த்தவில்லை. “காலண்டருன்னா வருசம் முடிஞ்சா கிழிச்சுப் போட்டுருவாக. சுவத்துல கெடக்குறத வெள்ளையடிச்சுருவாக. இது கோவிலுக்குள்ள வருது. நான் மாவெளக்கு எடுத்துக்கிட்டுப் போயி உக்கார்ற எடம்ப்பா அது. ஊருக்குள்ள எனக்குன்னு இருக்குறது அந்த ஒரு எடந்தான். அங்கயும் போயி நான் இதையவா பாத்துக்கிட்டு உக்காரணும்?”

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவள் போட்ட சோற்றைத் தின்று வளர்ந்தவன். அந்த ஈரம் பொய்யில்லை.

“மத்தவய்ங்ககிட்டப் பேசிப் பாக்குறேன்க்கா” என்றான்.

அவன் கடையில் வேலை கொடுக்கிறவர்கள் நாளைக்கே வேண்டும் என்று கேட்கும்போது அவன் இதே குரலில்தான் பார்க்கிறேன் என்பான். அழகம்மாள் வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

விழாவுக்கு முதல் நாள் மகள் போனில் கூப்பிட்டாள்.

“மேடையில போயி உக்காரப் போறீங்களாம்மா?” பாண்டிச்செல்வியின் பேச்சு ஒட்டன்சத்திரத்துக்கு மாறி வெகுநாள் ஆகிவிட்டது.

“காரு அனுப்புறாகளாம்.”

“புருவத்தைக் கேட்டீங்களா?”

“கேட்டேன்.”

“கேட்டா குடுத்துருவாங்களாக்கும்” என்றாள் மகள். “எனக்குத் தக்காளி மார்க்கெட் நேரம்மா, நான் வரலை.”

மண்டபம் நிறைந்திருந்தது. சக்கர நாற்காலியில் ஆண்டிச்சாமியை மேடைக்கு ஏற்றினார்கள். அவருக்குப் பக்கத்தில் அழகம்மாள். பின்னால் வெள்ளைத் துணி போர்த்திய படம். பேசியவர்கள் எல்லாரும் அவரவர் மனதில் இருந்ததைத்தான் பேசினார்கள். ஒருவர் சென்னையில் விளம்பரக் கம்பெனியில் இருக்கிறார், எலிவாலைப் பிடித்த மாதிரி மவுசைப் பிடிக்கிறவர்களுக்கு நடுவில் இன்றைக்கும் நான் தோளில் இருந்துதான் கோடு இழுக்கிறேன் என்றார். ஒரு சுதைக்காரர் மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதார். குடித்துத் திரிந்த தன்னை அய்யா சாக்பீஸைக் கொடுத்து உட்கார வைத்தார், இல்லாவிட்டால் உயிரோடு இருந்திருக்க மாட்டேன் என்றார். அழகம்மாளுக்கு அந்த ஆளை நினைவிருந்தது, மூன்று தட்டுச் சோறு தின்பான். அவர் சொன்னதெல்லாம் நிஜம் என்பதும் அவளுக்குத் தெரியும். அதுதான் சங்கடம். பொய் சொல்கிறார்கள் என்றால் காதைப் பொத்திக்கொள்ளலாம்.

கடைசியில் ஆண்டனிராஜ் மைக்கை வாங்கினான்.

“ஒலகத்துக்கே தெரிஞ்ச அய்யா வெட்டு எங்கருந்து வந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் நான் யாருகிட்டயும் சொன்னதில்ல” என்றான். “நான் அன்னைக்கு அந்த வீட்டுல இருந்தேன். அக்கா தண்ணிக் கொடத்தோட வாறப்ப நெலையில முட்டிக்கிட்டாக. புருவம் கிழிஞ்சுபோச்சு. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். அக்காவுக்கு ஒரே வெசனம், மொகம் கெட்டுப்போச்சேன்னு. அய்யா என்ன செஞ்சாரு தெரியுமா? அந்தத் தழும்பையும் அம்மனுக்கு வச்சாரு. எம்பொண்டாட்டி மொகத்துல இருக்குறது எதுவும் கொறையில்ல, தெய்வத்துக்கும் இதுதான் அழகுன்னு வச்சாரு. நாம இத்தன வருசமாக் கோவில் கோவிலா வரைஞ்சுக்கிட்டு இருக்குறது எங்க அக்காவோட புருவத்த!”

கை தட்டல் கூரையைத் தொட்டது. எல்லாரும் எழுந்து நின்றார்கள். பானுப்ரியா ஓடிவந்து அழகம்மாளைக் கட்டிப்பிடித்து அழுதாள். யாரோ சால்வை போர்த்தினார்கள். ஒரு போட்டோக்காரர், “அம்மா, செத்த இடது பக்கமாத் திரும்புங்க, புருவம் தெரியட்டும்” என்றார். திரும்பினாள். ஏறக்குறைய ஐம்பது வருடங்களுக்கு முன் ஒரு நர்சம்மாவிடம் தன் வாயால் சொன்ன பொய், இப்போது மைக்கில் ஊர் முழுக்கக் கேட்கிறது. அவள் சொன்னதுதானே. அதை அவள் எப்படி இல்லை என்பாள்?

பக்கத்தில் ஆண்டிச்சாமியைப் பார்த்தாள். அவர் நேராகக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று தலையை ஆட்டுவதற்கு அவருடைய கழுத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஆட்டவில்லை.

துணியை விலக்கினார்கள். எட்டடி அம்மன் கண்விழி இல்லாமல் நின்றாள். இடது புருவம் அறுந்திருந்தது.

கண் திறக்க அய்யாவின் இடது கையில் தூரிகையைக் கொடுத்தார்கள். அவர் விரலை மடக்கிக்கொண்டார். பீச்சாங்கையால் அம்மனுக்குக் கண் வைக்க மாட்டார். “அப்ப அக்கா வைக்கட்டும்!” என்றான் ஆண்டனிராஜ். மறுபடியும் கை தட்டல். அவளைப் பிடித்து ஒரு முக்காலியில் ஏற்றிவிட்டார்கள். கறுப்பைத் தொட்டுத் தூரிகையைக் கையில் கொடுத்தார்கள்.

அழகம்மாள் வலது கண்ணுக்கு ஒரு பொட்டு வைத்தாள். இடது கண்ணுக்கு ஒரு பொட்டு வைத்தாள். நாயனம் ஆரம்பித்துவிட்டது. அவள் இறங்கவில்லை. தூரிகையை மறுபடி ஒரு தடவை கறுப்பில் தோய்த்தாள். மூச்சைப் பிடித்தாள். தோளில் இருந்து ஒரே இழுப்பாக, அறுந்த இடத்தின் இந்தக் கரையில் இருந்து அந்தக் கரைவரை கொண்டுபோய்ச் சேர்த்தாள். கோடு முடிந்த பிறகுதான் மூச்சை விட்டாள்.

நாயனம் நின்றது.

“அய்யய்யோ, கை தவறிருச்சு போல” என்று முன்வரிசையில் ஒரு குரல் கேட்டது. “வயசாச்சுல்ல, பாவம்.”

“அம்மா உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க” என்றது மைக்கில் ஒரு குரல். அதற்கும் தட்டினார்கள். அவளைப் பத்திரமாகக் கீழே இறக்கினார்கள். பானுப்ரியா தன் கைக்குட்டையால் அவள் விரலில் இருந்த கறுப்பைத் துடைத்துவிட்டு, “பரவாயில்லம்மா, ஒண்ணும் ஆகல” என்று தேற்றினாள். மண்டபத்தில் அவள் செய்ததைப் புரிந்துகொண்டவர்கள் இரண்டே பேர். ஒருவன் மைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொருவர் நாற்காலியில் இருந்து ஏதோ சத்தம் போட்டார். அது சந்தோசத்தில் என்று நினைத்து ஒரு மாணவன் அவர் காலில் விழுந்தான்.

வீட்டுக்கு வந்து சட்டைப் பித்தானைக் கழற்றும்போது ஆண்டிச்சாமி வாயைத் திறந்தார். ஒன்றரை வருடத்தில் இவ்வளவு தெளிவாக ஒரு சொல் வந்ததில்லை.

“கெடுத்துட்ட.”

“ஆமா” என்றாள் அழகம்மாள். சட்டையை மடித்து வைத்துவிட்டு, ரசம் சோறு பிசைந்து ஊட்டினாள். அவர் சாப்பிட்டார். அன்றைக்கு அவளுக்கும் நல்ல பசி.

ஆடி முதல் வெள்ளிக்கு மாவிடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து, தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு சித்தையன்கோட்டை பஸ் ஏறினாள். புருசனைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. வழியில் அம்மன் முகம் தெரிந்தால் குனிந்துகொள்கிறவள், இந்தத் தடவை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே போனாள். நீங்கள் எல்லாம் எப்படியோ இருந்துவிட்டுப் போங்கள் என்று பார்த்த மாதிரி இருந்தது அது.

கோவிலில் கூட்டம். சன்னதிக்குப் பக்கத்துச் சுவரில் கண்ணாடிக்குள் படம், மேலே ஒரு டியூப் லைட். கீழே ஒரு பித்தளைத் தகட்டில், கண் திறந்தவர் அய்யாவின் துணைவியார் அழகம்மாள் என்று வெட்டியிருந்தார்கள். அவள் தகட்டைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

இடது புருவம் அறுந்திருந்தது. அவள் போட்ட கறுப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, மேலே சந்தன நிறம் பூசி, ஓரத்தைத் திருத்தியிருந்தார்கள். முன்பு இருந்ததைவிட இப்போது சுத்தமாக இருந்தது. நடுங்காத கை.

பூசாரி சின்னக்கண்ணு திருநீற்றுத் தட்டோடு வந்தார். “நல்லா இருக்குல்லத்தா? கை தவறி இழுத்துவிட்டுட்டீகளாமே. ஆண்டனிராசு வந்து ஒரு பகலு உக்காந்து சரி பண்ணிட்டுப் போனாப்ல. வாத்தியாரே கூப்புட்டுச் சொன்னாராம்ல, அப்பிடி விட்றாதன்னு. முடியாமக் கெடந்தாலும் மனுசனுக்கு வேலையில எம்புட்டு அக்கறை பாருங்க.”

அழகம்மாள் மாவிளக்கை ஏற்றி வைத்தாள். வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார முடியவில்லை, டியூப் லைட் வெளிச்சம் நேரே அங்கேதான் விழுந்தது. திரி அணையும்வரை நிற்காமல் அடுத்த பஸ்ஸுக்கு வந்துவிட்டாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கட்டிலில் இருந்து அவர் தலையைத் தூக்கினார். காத்திருந்திருக்கிறார்.

“சரி… பண்ணிட்டானா?”

“பண்ணிட்டான்.”

“நல்லா… வந்துருக்கா?”

“நல்லா வந்துருக்கு” என்றாள். பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. நன்றாகத்தான் வந்திருந்தது. அவர் முகம் நிறைந்து, தலையணையில் சாய்ந்தார்.

அழகம்மாள் சேலையை மாற்றிக்கொண்டு வந்து, சோற்றைத் தட்டில் போட்டாள். குழம்பு ஊற்றினாள். அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, தட்டை அவர் இடது பக்கம் ஸ்டூலில் வைத்தாள். தட்டில் ஒரு கரண்டியும் வைத்தாள். அவர் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார்.

“எடது கை நல்லாத்தான இருக்கு” என்றாள்.

அவர் கரண்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

கொல்லையில் குழாயில் தண்ணீர் வர ஆரம்பித்திருந்தது. இனி அடுத்த வாரம்தான் வரும். அவள் போய் முதல் குடத்தை வைத்தாள். அது நிரம்பியது. அடுத்த குடத்தை வைத்தாள். உள்ளே வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு கரண்டி தட்டில் இடிக்கும் சத்தம் ஒரு தடவை கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை. அழகம்மாள் திரும்பிப் பார்க்காமல் மூன்றாவது குடத்தை வைத்தாள்.